விண்டோஸிலும் மேக்கிலும் யூனிக்ஸ் கட்டளைக் கருவிகள்: பராமரிப்பில் இருப்பதைத் தேடிப் பிடிப்பது எப்படி

கோப்புகளுக்குள் சொல் தேடும் யூனிக்ஸ் கட்டளையான கிரெப் விண்டோஸுக்கு வேண்டும் என்று தேடுபவர்களுக்கு, அத்தகைய கருவிகளை விண்டோஸுக்கு மாற்றித் தந்த க்னூவின்32 என்ற திட்டத்தின் பெயர் இன்னும் எதிர்ப்படுகிறது. அங்கே கிடைக்கும் கிரெப் 2.5.4, 2009ஆம் ஆண்டுச் சரக்கு. அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பு அதைவிடப் பழையது: 5.3.0, 2005ஆம் ஆண்டு. இதை வைத்து கிரெப்பே கைவிடப்பட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அதன் மூல ஆசிரியர்களான க்னூ திட்டத்தார் அதை இன்றும் பராமரிக்கிறார்கள், 3.11 பதிப்பு 2023 மே மாதம் வந்தது. நின்றுபோனது, அதை விண்டோஸில் ஓடும் நிரலாகக் கட்டித் தந்தவர்களின் வேலை.

ஆகவே எந்தக் கருவியானாலும் இரண்டு தேதிகளைப் பாருங்கள். மூல ஆசிரியர்கள் கடைசியாக எப்போது வெளியிட்டார்கள்? உங்கள் இயங்குதளத்துக்கு அதை யாராவது கடைசியாக எப்போது கட்டினார்கள்? முதல் தேதியை எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவதைப் பார்க்காததால்தான் பதினைந்து ஆண்டுப் பழைய ஜிப் கோப்புகள் ஆபீஸ் லேப்டாப்புகளில் குடியிருக்கின்றன.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள்

விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு 2018இல் வந்ததிலிருந்து இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கர்ல், கோப்புகளை ஒன்றாகக் கட்டிப் பிரிக்கும் டார் இரண்டும் விண்டோஸோடு சேர்ந்தே வருகின்றன. தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கிளையண்டும் உண்டு. ஆதரவில் இருக்கும் விண்டோஸ் பதிப்புகளில் இவற்றை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் அப்டேட் வழியே புதுப்பிக்கிறது. தனியாக எங்கிருந்தும் இறக்க வேண்டியதில்லை. விண்டோஸின் டார், க்னூ டார் அல்ல, யூனிக்ஸின் இன்னொரு கிளையான பிஎஸ்டியின் டார். ஜிப் கோப்பையும் அதுவே பிரித்துவிடும் என்பது உபரி லாபம்.

ஒரு கட்டளை எங்கிருந்து ஓடுகிறது என்று அறிய, வேர் டாட் எக்ஸ்இ என்று முழுப் பெயரையும் அடித்து, இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரைக் கொடுங்கள். விண்டோஸின் கட்டளைச் சூழலான பவர்ஷெல்லில் வெறும் வேர் என்று அடித்தால் அது வேறு ஒரு கட்டளையின் சுருக்கப்பெயர், எதுவும் வராது. கர்லிலும் இதே சிக்கல். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் கர்ல் என்பது பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளை ஒன்றைத்தான் அழைக்கும். கோடு போட்டு எழுதும் தெரிவுகளைக் கொடுத்ததும் சிவப்பு எழுத்தில் பிழை கொட்டும். கர்ல் டாட் எக்ஸ்இ என்று எழுதினால் உண்மையான கர்ல் ஓடும். பவர்ஷெல் 6 முதல் அந்தச் சுருக்கப்பெயரை எடுத்துவிட்டார்கள்.

நிரல்மூலங்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் இன்ஸ்டால் செய்திருக்கிறீர்களா? அப்படியானால் யூனிக்ஸ் கட்டளைச் சூழலான பேஷ், அதோடு கிரெப், செட், ஆக், ஃபைண்ட், லெஸ் எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. புரோகிராம் ஃபைல்ஸில் கிட் ஃபோல்டருக்குள் யூஎஸ்ஆர், அதற்குள் பின் என்ற இடத்தில் பாருங்கள். கிட்டின் புதிய பதிப்பை ஏற்றும்போதெல்லாம் இவையும் புதிதாகும். ஆனால் கோப்புகளை நகலெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க், இணையத்திலிருந்து இறக்கும் டபிள்யூகெட், நிரல்களைக் கட்டும் மேக் கட்டளை (மேக் கணினி அல்ல) மூன்றும் அதில் கிடையாது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களின் பாட வேலைக்கு இதுவே போதும்.

பராமரிப்பை எடைபோடுவது

நிரல்மூலங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் பயனர்கள் இடும் நட்சத்திர எண்ணிக்கை பயன்படாது. கைவிடப்பட்ட கருவிக்கும் நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும். கணினியின் விவரங்களைக் காட்டும் நியோஃபெட்ச் நல்ல எடுத்துக்காட்டு: பெரும் புகழ் பெற்றது, 2024இல் அதன் களஞ்சியத்தை மூடி, படிக்க மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த வேலைக்கு இன்று ஃபாஸ்ட்ஃபெட்ச். எக்ஸா என்ற கோப்புப் பட்டியல் கருவியும் நின்றுவிட்டது. அதிலிருந்து கிளைத்த ஈஸாதான் நடப்பில் இருப்பது. நூல்களிலும் காணொளிகளிலும் பழைய பெயர்களே தொடர்வதால், ஒரு கருவியைப் பரிந்துரைத்த பதிவின் தேதியையும் பாருங்கள்.

இடைவெளி நீண்டால் கைவிட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஜேசான் தரவை அலசும் ஜேக்யூவின் 1.6 பதிப்பு 2018 நவம்பரில் வந்தது; 1.7 வர 2023 செப்டம்பர் ஆனது. இடையில் பராமரிப்பு புதிய குழுவின் கைக்கு மாறியது. ஓடும் நிரல்களைக் காட்டும் எச்டாப் கருவிக்கும் 2020இல் இப்படித்தான் மறுவாழ்வு கிடைத்தது. உரையை வரி வரியாகத் திருத்தும் க்னூ செட்டோ வேறு ரகம். 4.8 பதிப்பு 2020 ஜனவரியில், 4.9 பதிப்பு 2022 நவம்பரில். செட்டின் வேலை பல ஆண்டுகளாக மாறவில்லை; மெதுவாக வருவதே அதற்கு இயல்பு. இணையத்தோடு பேசும் கருவிக்கு இந்தச் சலுகை கொடுக்கக் கூடாது. கர்ல், எஸ்எஸ்எச், டபிள்யூகெட் போன்றவற்றில் இரண்டாண்டுப் பழைய பதிப்பு என்றால் அதில் தெரிந்த ஓட்டைகள் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கர்ல் பொதுவாக எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெளிவருகிறது.

நாம் பார்க்கச் சொல்வது இவை. களஞ்சியத்தின் வெளியீட்டுப் பட்டியலில் கடைசித் தேதி. பாதுகாப்புக் குறை பற்றிய புகார்களுக்குப் பதில் வந்திருக்கிறதா, இல்லை ஓராண்டாகப் பயனர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறார்களா. பங்களிப்பவர் ஒருவரா, பலரா. இவற்றோடு ரெபாலஜி என்ற தளத்தையும் திறந்து கருவியின் பெயரைத் தேடுங்கள். டெபியன், ஹோம்புரூ, எம்எஸ்ஒய்எஸ்2, சிக்வின், ஸ்கூப், சாக்லேட்டி என்று ஒவ்வொரு விநியோகத்திலும் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒரே பட்டியலில் காட்டும். புதியது பச்சை, பழையது சிவப்பு. மேலே சொன்ன இரண்டாவது தேதியைக் கண்டுபிடிக்க இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

சுறுசுறுப்பு மட்டுமே நம்பிக்கை தராது என்பதையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் வெளியானது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-3094 என்பது அதன் எண். வைத்தவர் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுமையாக உழைத்துப் பராமரிப்பாளர் ஆனவர். எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான் பிடிபட்டது. வேலைக்கு வைத்திருக்கும் கணினியில், வெளியான அன்றே புதிய பதிப்பை ஏற்றாமல் ஓரிரு வாரம் பொறுப்பது நல்லது. பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் உடனே ஏற்றுங்கள்.

விண்டோஸில் வழிகள்

நிர்வாகி உரிமை உண்டு, முழு லினக்ஸ் சூழல் வேண்டும் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல். நிர்வாகியாகத் திறந்த பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் என்று அடித்து, இரண்டு கோடுகளோடு இன்ஸ்டால் என்று கொடுத்தால் உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்து உட்காரும். மெய்நிகராக்கம் பயாஸில் அணைந்திருந்தால் பிழை வரும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: விண்டோஸ் அப்டேட் உபுண்டுவுக்குள் இருக்கும் பேக்கேஜ்களைத் தொடாது. உபுண்டுவின் பேக்கேஜ் மேலாளரான ஏப்ட் வழியே அப்டேட், பிறகு அப்கிரேட் என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நான்கைந்து ஆண்டுக்கு முன் அமைத்த டபிள்யூஎஸ்எல்லில் பெரும்பாலும் உபுண்டு 20.04 இருக்கும், அதன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதற்குள் இருக்கும் கருவிகளுக்கு வழக்கமான வழியில் பாதுகாப்புத் திருத்தம் வராது.

இன்னொன்று, சி டிரைவில் கிடக்கும் கோப்புகளை டபிள்யூஎஸ்எல் 2க்குள்ளிருந்து தொட்டால் வேகம் வெகுவாகக் குறையும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுவதானால் அவற்றை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். உபுண்டுவில், கோப்பு தேடும் எஃப்டி கருவியின் பெயர் எஃப்டிஃபைண்ட், கோப்பைத் திரையில் காட்டும் பேட் கருவியின் பெயர் பேட்கேட். இன்ஸ்டால் ஆகியும் காணோமே என்று திகைப்பவர்கள் பலர்.

லினக்ஸ் வேண்டாம், விண்டோஸ் கோப்புகளோடு நேரடியாக வேலை செய்யும் பேஷும் கருவிகளும் போதும் என்றால் எம்எஸ்ஒய்எஸ்2தான் நம் முதல் தெரிவு. யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட வைக்கும் சிக்வினிலிருந்து கிளைத்தது, ஆர்ச் லினக்ஸின் பேக்மேன் இதில் பேக்கேஜ் மேலாளர், பதிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். இன்ஸ்டால் செய்ததும் பேக்மேன் என்று அடித்து ஒரு கோடு, பெரிய எஸ், சின்ன ஒய், சின்ன யு. முதல் முறை அடிப்படைப் பகுதிகள் மட்டும் புதுப்பிக்கப்பட்டு, டெர்மினலை மூடச் சொல்லும். மூடிவிட்டுத் திரும்பத் திறந்து அதே கட்டளையை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். முதல் சுற்றோடு நிறுத்திவிட்டு, பிறகு புதிய பேக்கேஜ் ஒன்றை ஏற்றினால் நூலகங்கள் பொருந்தாமல் கருவிகள் சத்தமின்றிச் சாகும்.

எம்எஸ்ஒய்எஸ்2இல் தொல்லை தரும் இன்னொரு பழக்கம் பாதை மாற்றம். சாய்கோட்டில் தொடங்கும் எந்த வாதத்தையும் அது யூனிக்ஸ் பாதை என்று எண்ணி, விண்டோஸ் பாதையாக மாற்றித்தான் விண்டோஸ் நிரல்களுக்குக் கொடுக்கும். சாய்கோடும் எஃப்பும் சேர்ந்த தெரிவை ஒரு விண்டோஸ் கட்டளைக்குக் கொடுத்தால், அது எஃப் டிரைவின் பாதையாக மாறிப் போய்ச் சேரும். சாய்கோட்டை இரட்டிப்பாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிறுவன லேப்டாப்பில் பேஷ் திறந்தவுடன் ஃபோர்க் பிழை காட்டி விழுந்தால், விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பில் கட்டாய ஏஎஸ்எல்ஆர் (நினைவக முகவரிகளை மாற்றிப் போடும் பாதுகாப்பு) போடப்பட்டிருக்கிறதா என்று ஐடி பிரிவைக் கேளுங்கள். சிக்வின் வம்சத்துக் கருவிகளுக்கு அது ஆகாது.

சிக்வின் இன்றும் நல்ல பராமரிப்பில் இருக்கிறது. ஆனால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அதன் செட்டப் நிரலைத் திரும்ப ஓட்டினால்தான் புதிய பதிப்புகள் வரும். செட்டப் காட்டும் சர்வர் பட்டியலில் சிங்கப்பூரைக் குறிக்கும் எஸ்ஜி என்று முடியும் முகவரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பதிவிறக்கம் விரைவாகும். 32-பிட் விண்டோஸுக்கு ஆதரவு 3.4 பதிப்போடு போய்விட்டது. சிக்வின், எம்எஸ்ஒய்எஸ்2, கிட் மூன்றையும் ஒரே பாத் வரிசையில், அதாவது கணினி கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், சேர்க்காதீர்கள். ஒன்றின் பேஷ் மற்றொன்றின் கிரெப்பை அழைத்தால் வெவ்வேறு இயக்க நூலகங்கள் மோதிக்கொள்ளும்.

நிர்வாகி உரிமை இல்லாதவர்களுக்கு ஸ்கூப் என்ற பேக்கேஜ் மேலாளர். எல்லாமே உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் இறங்கும். பேக்கேஜ் பற்றிய குறிப்புகள் வெளிப்படையான சிறு கோப்புகள். ஸ்கூப் கேட் என்று கருவியின் பெயரோடு கொடுத்தால், எந்த முகவரியிலிருந்து இறக்குகிறது, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் எண் என்ன என்று கண்ணால் பார்க்கலாம். ஸ்கூப்பில் இருக்கிறது என்பதாலேயே புதிது என்று நம்பிவிட வேண்டாம். இன்ஃபோ கட்டளை தரும் பதிப்பு எண்ணை ரெபாலஜியோடு ஒப்பிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் பேக்கேஜ் மேலாளரான விங்கெட் விண்டோஸ் 11இல் உடன் வருகிறது. ஷோ தெரிவு வெளியீட்டாளர் பெயரையும் பதிவிறக்க முகவரியையும் காட்டும். முகவரி கருவியின் சொந்தக் களஞ்சியம்தானா என்று ஒரு பார்வை போதும். தனிப்பட்ட லேப்டாப்பில் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அலுவலக லேப்டாப்பில், நிர்வாகி உரிமை கேட்காமலே இன்ஸ்டால் ஆகிறது என்பது அனுமதி ஆகாது. நிறுவன விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே இன்ஸ்டால் செய்ய முடியாத கணினிக்கு, பிஸிபாக்ஸின் விண்டோஸ் வடிவம் இருக்கிறது. ஒரே எக்ஸ்இ கோப்பு. ஷெல், கிரெப், செட், ஆக், ஃபைண்ட் எல்லாம் அதற்குள். தமிழ்க் கோப்புகளோடு வேலை என்றால் பெயரின் கடைசியில் யு எழுத்து உள்ள 64-பிட் வடிவத்தை எடுங்கள்; யூனிகோட் ஆதரவு அதில்தான். ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்படும் யூயூட்டில்ஸ் கோர்யூட்டில்ஸும் விண்டோஸில் நேரடியாக ஓடும். உபுண்டு 25.10 அதையே இயல்பாக வைத்திருக்கிறது. வேலை மும்முரமாக நடக்கும் திட்டம்தான், ஆனால் க்னூ நடத்தையோடு ஓரங்களில் இன்னும் வேறுபாடுகள் உண்டு. பழைய ஸ்கிரிப்ட் எதையும் சோதிக்காமல் அதில் ஓட்டாதீர்கள்.

ஃபைண்டும் சார்ட்டும்

விண்டோஸ் சிஸ்டம்32 ஃபோல்டரில் ஃபைண்ட், சார்ட் என்ற பெயரிலேயே வேறு இரண்டு நிரல்கள் இருக்கின்றன. யூனிக்ஸ் ஃபைண்டை நினைத்து அடித்தால் ‘ஃபைண்ட்: பாராமீட்டர் ஃபார்மட் நாட் கரெக்ட்’ என்று வரும். சார்ட்டுக்குப் பத்தி எண் கொடுத்தால் ‘இன்புட் ஃபைல் ஸ்பெசிஃபைட் டூ டைம்ஸ்’ என்று உளறும். இந்த இரண்டு வரிகளில் ஒன்றைக் கண்டால் கருவியில் கோளாறு இல்லை, பாத் வரிசையில் விண்டோஸ் முந்திக்கொண்டது என்று பொருள். யூனிக்ஸ் ஃபோல்டரை பாத்தின் முன்னால் போட்டுவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள், விண்டோஸின் ஃபைண்டை நம்பி எழுதிய பேட்ச் ஸ்கிரிப்டுகள் உடைந்துபோகும். கிட் இன்ஸ்டாலரும் அந்தத் தெரிவுக்குக் கீழே சிவப்பில் எச்சரித்திருக்கும். பேஷ் ஜன்னலுக்குள் இருந்து வேலை செய்தால் இந்தச் சண்டையே வராது.

தமிழை வைத்துச் சோதியுங்கள்

கருவி பழையதா என்று அறியத் தமிழர்களுக்கு ஒரு நல்ல சோதனை வாய்த்திருக்கிறது. விண்டோஸின் பழைய எழுத்துக்குறி அட்டவணைகளில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. தமிழ் அங்கே யூனிகோட் வழியாக மட்டுமே உண்டு. யூனிகோடை அறியாத பழைய நிரலுக்குத் தமிழ்ச் சொல்லை வாதமாகக் கொடுத்தால், போய்ச் சேர்வது வெறும் கேள்விக்குறிகள். கோப்பில் இருக்கும் சொல்லை அது ஒருபோதும் கண்டுபிடிக்காது.

சோதனை இது. பேஷைத் திறந்து, பிரிண்ட்எஃப் கட்டளையால் ‘தமிழ்’ என்ற சொல்லை அச்சிட்டு, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் குழாய்க் குறி வழியே, எழுத்துகளை எண்ணும் டபிள்யூசிக்கு அனுப்புங்கள். சின்ன சி தெரிவு கொடுத்தால் 15 வர வேண்டும், அது பைட் கணக்கு. சின்ன எம் தெரிவு கொடுத்தால் 5 வர வேண்டும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எம் கொடுத்தும் 15 வந்தால் கருவி பழையது, அல்லது லாங் என்ற சூழல் மாறியில் யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கம் இல்லை. இதைப் பவர்ஷெல் 5.1இல் செய்து பார்க்காதீர்கள். அது குழாயில் அனுப்பும்போதே தமிழைக் கேள்விக்குறியாக்கிவிடும். பழி கருவி மீது விழும். அதிலேயே வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் யுடிஎஃப்-16இல் எழுதும், சாதாரண கிரெப்பால் அந்தக் கோப்பில் எதையும் தேட முடியாது. பவர்ஷெல் 7இல் யுடிஎஃப்-8தான் இயல்பு. கிரெப்புக்குப் புதிய மாற்றான ரிப்கிரெப், கோப்பின் தலைப்பில் உள்ள குறியைப் பார்த்து யுடிஎஃப்-16ஐயும் படித்துவிடும்.

டெர்மினலில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறித் தெரிவது வேறு விஷயம். அது காட்சிக் குறை மட்டுமே. முடிவைக் கோப்பில் சேமித்து நோட்பேடில் திறந்தால் எழுத்துகள் சரியாக இருக்கும்.

இரண்டாவது சோதனைக்கு உண்மையான தரவு வேண்டும். சிங்கப்பூர் அரசாங்கத்தின் டேட்டா டாட் கவ் டாட் எஸ்ஜி தளத்தில், 2017 ஜனவரி முதலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலைப் பட்டியல் சிஎஸ்வி கோப்பாகக் கிடைக்கிறது. இரண்டாம் பத்தி நகரம், பதினோராம் பத்தி விலை. ஆக் கட்டளைக்குக் காற்புள்ளியைப் பிரிப்பானாகக் கொடுத்து இரண்டாம் பத்தியை எடுத்து, சார்ட்டுக்கு அனுப்பி, பிறகு சின்ன சி தெரிவோடு யூனிக்குக்கு அனுப்புங்கள். அங் மோ கியோவில் எத்தனை, ஈசூனில் எத்தனை என்று சில விநாடிகளில் வந்துவிடும். இந்த மூன்றும் ஒழுங்காக ஓடினால் அமைப்பு சரி.

கோப்பை இடையில் விண்டோஸ் எக்செலில் திறந்து சேமித்திருந்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத சிஆர் குறி ஏறியிருக்கும். கடைசிப் பத்தியான விலைக்குப் பின்னால் வேறு எதையாவது அச்சிட்டால், அது வரியின் தொடக்கத்தில் போய் ஏறிக்கொள்ளும். டிஓஎஸ்2யூனிக்ஸ் கருவியை ஒருமுறை ஓட்டினால் தீரும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

மேக்கில் எல்லாம் இருக்கிறது என்று தோன்றும், பதிப்பைப் பாருங்கள். பேஷ் 3.2, 2006இல் வந்த வரிசை. ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறிய பதிப்புகளை ஆப்பிள் சேர்ப்பதில்லை. அதனால்தான் 2019இல் கேட்டலினாவில் இசட்ஷெல்லை இயல்பாக்கினார்கள். செட், டேட், கிரெப் எல்லாம் பிஎஸ்டி வகை. லினக்ஸுக்கு எழுதிய ஸ்கிரிப்டில் கோப்பை இடத்திலேயே திருத்தும் செட் கட்டளை மேக்கில் பிழை தரும். சின்ன ஐ தெரிவுக்குப் பின் வெற்று மேற்கோள் ஜோடி ஒன்று வேண்டும்.

ஹோம்புரூ வழியே கோர்யூட்டில்ஸ், க்னூ செட், ஃபைண்ட்யூட்டில்ஸ் ஏற்றினால் பெயர்களுக்கு முன் ஜி சேர்ந்து வரும்: ஜிசெட், ஜிடேட். அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. புரூ இன்ஃபோ கட்டளையில் டெப்ரிகேட்டட் அல்லது டிசேபிள்ட் என்று கண்டால் அந்தக் கருவியை இப்போதே மாற்றிவிடுங்கள். மூலத் திட்டம் நின்றுபோனதற்கு அதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. பழைய மேக்ஓஎஸ் பதிப்புகளை ஹோம்புரூ விரைவில் கைவிடும், மேக்போர்ட்ஸ் நெடுநாள் தாங்கும்.

இறக்கும் இடம்

தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். புட்டி, வின்எஸ்சிபி, ஹோம்புரூ ஆகியவற்றின் பெயரில் போலித் தளங்கள் விளம்பரம் கொடுத்துத் தகவல் திருடும் நிரல்களைப் பரப்பியிருக்கின்றன. பேக்கேஜ் மேலாளர் வழியே இறக்கினால் ஹாஷ் சரிபார்ப்பு தானாக நடக்கும். கையால் இறக்கினால் விண்டோஸில் கெட் ஃபைல்ஹாஷ், மேக்கில் சின்ன ஏ தெரிவும் 256 என்ற எண்ணும் சேர்த்த ஷாசம் கொண்டு, திட்டத்தின் தளத்தில் உள்ள எஸ்எச்ஏ-256 எண்ணோடு ஒப்பிடுங்கள். புதிய பதிப்புகளை ஏற்ற மாதம் ஒருநாள் ஒதுக்குங்கள். அவசரத் திருத்தங்களுக்கு சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்செர்ட் எச்சரிக்கைகளைப் பின்தொடரலாம்.

புதியதை ஏற்றியபின் பழைய க்னூவின்32 ஃபோல்டரை அழிப்பதற்கு முன்பே பாத் மாறியிலிருந்து அதன் வரியை நீக்கி, திறந்திருக்கும் டெர்மினல்கள் எல்லாவற்றையும் மூடித் திறந்து, வேர் டாட் எக்ஸ்இயை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். பழைய முகவரி இன்னும் வந்தால் அது பயனர் பாத்தில் இல்லை, சிஸ்டம் பாத்தில் இருக்கிறது. அதை நீக்க நிர்வாகி உரிமை வேண்டும்.